வயதான ஸ்போர்ட்ஸ் கார்: மாற்றுவதா, அப்படியே காப்பதா?

2012ல் நான் சிங்கப்பூரில் துணிக்கூரை மடக்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியபோதே அதற்குப் பதினொரு வயது. இரண்டாம் தலைமுறைக் கார், 1.8 லிட்டர். முந்தைய உரிமையாளர் 17 அங்குல ரிம் போட்டிருந்தார், ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்தார், எக்ஸாஸ்ட்டையும் மாற்றியிருந்தார். எங்கள் வீவக (வீட்டு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு மாடி ஏறும்போதும் அடிவயிறு தரையில் உரசும். தீவு விரைவுச்சாலையில் பாலத்து இணைப்பு ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் தெரியும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பி ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

அப்புறம் அதிர்வைத் தாங்க இன்னும் நல்ல அப்சார்பர் போடலாம் என்று சின் மிங்கில் ஒரு பட்டறைக்குப் போனேன். மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்கு வரும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் காரைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையில் ஒரு நெம்புகோலைக் கொடுத்து அசைத்துக் காட்டினார். அசையக்கூடாத இடம் லொடலொடவென்று ஆடியது.

“தம்பி, இது ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டம் இல்ல. வயசான கார் ஓட்டம். ரப்பரெல்லாம் போயிடுச்சு. மொதல்ல வைத்தியம் பாருங்க, அலங்காரம் அப்புறம்.”

கழற்றிய புஷ் ஒன்றை, அதாவது இரும்புப் பாகங்களுக்கு நடுவே அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையத்தை, என் கையில் வைத்தார். கட்டைவிரலால் அழுத்தினேன். கருப்பட்டியைப் பிட்டது போல உதிர்ந்தது.

புதிதாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்வது அவர் சொன்னதைத்தான். மாற்றுவதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. காரை முதலில் அது பிறந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். அப்படி ஓட்டிப் பார்க்காதவருக்கு எதை மாற்ற வேண்டும் என்று தெரிய வழியே இல்லை. அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் சிஓஇ தேதியைப் பாருங்கள்

வேறு ஊரில் இந்தக் கேள்வி ரசனையைப் பொறுத்தது. சிங்கப்பூரில் அது தேதியைப் பொறுத்தது. இங்கே கார் வைத்திருக்கக் கட்டாயம் வாங்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழுக்கு (சிஓஇ) பத்து வருட ஆயுள். அது முடிந்ததும், அந்த நேரத்து மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டி ஐந்து வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ புதுப்பிக்கலாம். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்க முடியாது. அந்தத் தேதி வந்ததும் பதிவை நீக்கி, காரை உடைக்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ வேண்டும். பத்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தால் அப்புறமும் புதுப்பிக்க வழி இருக்கிறது.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி குதிரைத்திறன் எவ்வளவு என்பதல்ல. “ஐந்தா, பத்தா?” என்பதுதான். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் இணையத்தளத்தில் காரின் பதிவுத் தேதி, சிஓஇ முடியும் தேதி, எத்தனை கை மாறியது என்பதையெல்லாம் பார்த்துவிடலாம். வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை.

செலவையும் நேராகப் பார்த்துவிடுங்கள். 2023 அக்டோபர் ஏலத்தில் பி பிரிவு சிஓஇ 150,001 சிங்கப்பூர் வெள்ளிக்குப் போனது. 1,600 சிசிக்கு மேற்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அந்தப் பிரிவில்தான் வரும். புதுப்பித்துவிட்டால், பத்து வயதில் உடைத்திருந்தால் அரசிடமிருந்து கிடைத்திருக்கும் கழிவுத்தொகை போய்விடும். சாலை வரியிலும் பத்து வயதுக்கு மேல் கூடுதல் கட்டணம் சேரும். அது 10 விழுக்காட்டில் தொடங்கி வருடம் ஏற ஏற 50 விழுக்காடு வரை போகும். பரிசோதனை நிலையத்துக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போன கார் இனி வருடாவருடம் போக வேண்டும். இதையெல்லாம் கட்டிய பிறகு கையில் மிஞ்சுவதுதான் காருக்கான பணம். அதில் முதல் பங்கை ரிம்முக்குக் கொடுக்காதீர்கள்.

என் கருத்து இது. ஐந்து வருடப் புதுப்பிப்பில் இரண்டு மூன்று வருடம் மட்டுமே மிஞ்சியிருக்கும் காரில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாதீர்கள். கடைசியில் அது வெளிநாட்டுக்குப் போகக்கூடிய கார். அதை வாங்குபவர் வெட்டு ஒட்டு இல்லாத காரைத்தான் விரும்புவார். பத்து வருடம் கையில் இருந்தால் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது.

இன்னொரு தேதியும் உண்டு. 35 வயது ஆன காரை பழம்பெரும் கார் திட்டத்தில் பதியலாம். வருடத்துக்கு 45 நாள்தான் சாலையில் இறங்கலாம், ஆனால் செலவு வெகுவாகக் குறையும். 1989ல் வெளிவந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 அந்த வயதைத் தொட்டாயிற்று. நீண்ட நாள் வைத்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

ஏற்கெனவே என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் மாற்றமில்லாமல் கைக்கு வருவது அபூர்வம். முந்தைய உரிமையாளர் செய்த தவறு, பெயர் மாறிய நாளிலிருந்து உங்கள் தவறு. அனுமதி இல்லாத எக்ஸாஸ்ட்டோடு காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால், நான் போட்டதில்லை என்பது அங்கே எடுபடாது.

வாங்குவதற்கு முன் காரைத் தூக்கிப் பாருங்கள். எக்ஸாஸ்ட்டில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கின் நுனி வட்டக்கத்தியால் அறுத்தது போல் தட்டையாக இருந்தால் அது வெட்டிய ஸ்பிரிங். டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து வயரைப் பாருங்கள். கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனை நாள் தலைவலி உங்களுக்குக் காத்திருக்கிறது. ரிம்மையும் அப்சார்பரையும் ஒரு மத்தியானத்தில் மாற்றிவிடலாம். கண்டபடி வெட்டி ஒட்டிய வயரைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது.

கழற்றிய அசல் பாகங்கள் எங்கே என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. என் காரின் அசல் 15 அங்குல ரிம்களை முந்தைய உரிமையாளர் தூக்கிப் போட்டிருந்தார். அதே ரிம் நான்கு தேடிக் கண்டுபிடிக்க எட்டு மாதம் பிடித்தது.

வயதுக்கு வைத்தியம்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு காரின் உலோகம் மெதுவாக வயதாகிறது. ரப்பர் வேகமாக வயதாகிறது. அதிலும் நம் ஊர் வெயிலும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஓடாமல் நின்ற காருக்கும் இதுதான் கதி. கிலோமீட்டர் குறைவு என்று யாராவது பெருமையாகச் சொன்னால், ரப்பர் எப்போது மாற்றியது என்று கேளுங்கள்.

டயரிலிருந்து ஆரம்பிக்கலாம். பக்கவாட்டில் நான்கு எண் கொண்ட ஒரு குறி இருக்கும். 2319 என்றிருந்தால் அந்த டயர் 2019ன் 23ஆவது வாரம் செய்தது. வாரக்கடைசியில் மட்டும் ஓடும் காரில் டயரின் பள்ளம் புதிது போலவே இருக்கும், ரப்பர் மட்டும் கட்டையாகியிருக்கும். மழையில் அது பிடிக்காது. பின்சக்கரம் இழுக்கும் இலகுவான காரில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்து சஸ்பென்ஷன் புஷ், அப்சார்பர், எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங். மூன்றையும் ஒன்றாகச் செய்யுங்கள். கூலி ஒருமுறைதான் ஆகும். புஷ்ஷில் அசல் ரப்பரையே போடுங்கள் என்பேன். கடினமான பாலியூரித்தேன் புஷ் பந்தயத்துக்கு நன்றாக இருக்கலாம். நம் சாலையில், அதிலும் தினமும் வேகத்தடை ஏறி இறங்கும் காரில், அது அதிர்வைத்தான் கூட்டும். புஷ் மாற்றியதும் சக்கர அலைன்மென்ட்டைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் போட்ட காசு பாதி வீண்.

எஞ்சின் பக்கத்தில், சுழலும் பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் டைமிங் பெல்ட் உள்ள கார் என்றால், எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிடுங்கள். குளிர்நீர்க் குழாய்கள், பிரேக் குழாய்கள், பிரேக் ஆயில், ரேடியேட்டர் மூடி எல்லாம் சின்னச் சின்னச் செலவுதான். இருபது வயது ரேடியேட்டரின் மேல்தொட்டி பழுப்பேறியிருந்தால் அது வெடிக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. மாற்றிவிடுங்கள்.

கூரை மடக்கும் கார்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எம்எக்ஸ்-5ன் துணிக்கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள துளைகள் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் அடியில் வெளியேற வேண்டும். அந்தத் துளையை இலையும் தூசியும் அடைத்துவிட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச் சட்டத்துக்குள் புகுந்து நிற்கும். அங்கிருந்து துரு உள்ளேயிருந்து வெளியே வரும். நீங்கள் பெயிண்டில் குமிழியைப் பார்க்கும்போது உள்ளே பாதி போயிருக்கும். முதல் இரண்டு தலைமுறைக் கார்களுக்கும் இது பெரிய வியாதி.

சோதிப்பது எளிது. கூரையை மடக்கி, சீட் பெல்ட் பக்கம் உள்ள துளையில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். காருக்கு அடியில் ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஊற்றிய சில நொடிகளில் தண்ணீர் ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ அடைப்பு இருக்கிறது. கெட்டிக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே உள்ள குழாய் கிழிந்துவிடும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் இழை போல வளையும் ஒன்றை விட்டு எடுங்கள். என் காரில் முதல்முறை வந்தது ஒரு கைப்பிடிக் கறுப்புச் சேறும், எங்கள் புளோக்குக்குக் கீழே நிற்கும் மழைமரத்தின் குட்டி இலைகளும். இப்போதெல்லாம் நவம்பர் பிறந்ததும், பருவமழை வலுப்பதற்கு முன், இதை ஒருமுறை செய்துவிடுகிறேன். ஈரக் கூரையை மட்டும் ஒருபோதும் மடக்கி வைக்காதீர்கள். இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

ஆறு மாதம் சும்மா ஓட்டுங்கள்

வைத்தியம் முடிந்த காரை அசல் அளவு ரிம், அசல் உயரம், அசல் எக்ஸாஸ்ட்டோடு ஆறு மாதம் ஓட்டுங்கள். ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எங்கே பிரேக் போதவில்லை, எந்த வளைவில் கார் சாய்கிறது, மதிய வெயிலில் ஆயர் ராஜா விரைவுச்சாலை நெரிசலில் வெப்பமானி எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள்.

15 அங்குல ரிம்மும் 195/50 டயரும் திரும்ப வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரைக்கு லிம் சூ காங் சாலைக்குப் போனேன். ஸ்டியரிங்கைத் திருப்பிய நொடியே மூக்கு திரும்பியது. சாலையின் சின்ன மேடு பள்ளம்கூட உள்ளங்கைக்கு வந்தது, ஆனால் முதுகை இடிக்கவில்லை. ஒரு டன்னுக்குச் சற்றே கூடுதலான ஒரு கார் இவ்வளவு லேசாக நடக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வாங்கி இரண்டு வருடம் கழித்து அன்றைக்குத்தான் நான் அந்தக் காரை முதல்முறையாக ஓட்டினேன்.

இந்த ஊரில் அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அதை யோசித்துப் பாருங்கள். இன்னும் ஐம்பது குதிரைத்திறனை எங்கே ஓட்டப்போகிறோம்? வளைவில் கிடைக்கும் சுகம்தான் இங்கே தினமும் அனுபவிக்கக்கூடியது. அதைத் தருவது நல்ல டயரும் நல்ல புஷ்ஷும் சரியான அலைன்மென்ட்டும். மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிறவர்கள் கணக்கு வேறு. 5.543 கிலோமீட்டர் தடத்தில் நான்கைந்து சுற்று ஓட்டினால் பிரேக்கும் எண்ணெய் வெப்பமும் தாங்காது. அவர்களுக்கு மாற்றம் தேவை. ஆனால் அவர்களும் எஞ்சினுக்குப் போகும் முன் பிரேக் பேடிலிருந்து தொடங்க வேண்டும்.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

ஆறு மாதம் கழித்து உங்கள் நோட்டைத் திறந்து பாருங்கள். அதில் மூன்று முறைக்கு மேல் எழுதியிருக்கும் குறையை மட்டும் சரிசெய்யுங்கள். ஒரே நேரத்தில் ஒரே மாற்றம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது.

நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு சனிக்கிழமையில் இதைத் திரும்பக் கழற்ற முடியுமா? பிரேக் பேட், எஃகு வலை சுற்றிய பிரேக் குழாய், பெரிய ரேடியேட்டர், நல்ல அப்சார்பர், ரிம் எல்லாவற்றுக்கும் பதில் ஆம். மட்கார்டை வெட்டுவது, ஸ்பிரிங்கை அறுப்பது, டாஷ்போர்டில் துளை போடுவது, அசல் வயரை வெட்டுவது எதற்கும் பதில் ‘முடியாது’ என்பதுதான். இந்த இரண்டாம் வகையை நான் எந்தக் காரிலும் செய்யச் சொல்ல மாட்டேன்.

சில கார்களில் கை வைக்கவே தயங்குங்கள். ஹோண்டா எஸ்2000ன் இரண்டு லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுழற்சி வரை போகும். டர்போ இல்லாமல் அதைச் சாதித்தவர்களின் உழைப்பு அது. அதில் எதையாவது சேர்த்து அந்தக் காரை மேலும் நல்லதாக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மிட்சுபிஷி எவோ, சுபாரு எஸ்டிஐ போன்றவற்றைப் பெரும்பாலானோர் மாற்றிவிட்டார்கள். அதனாலேயே தொடாத கார் ஒன்று கிடைத்தால் தொடாமல் வைத்திருங்கள். ஏற்கெனவே பலமுறை கை மாறி, வெட்டி ஒட்டி, அசல் பாகம் ஒன்றும் மிஞ்சாத கார் கிடைத்தால், அதை உங்கள் ரசனைக்கு மாற்றி ஓட்டுவதில் தவறே இல்லை.

அசல் பாகம் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர்களே இறங்கி வந்திருக்கிறார்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5ஐப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை மாஸ்டா 2017ல் ஜப்பானில் அறிவித்தது. துணிக்கூரையிலிருந்து நார்டி மர ஸ்டியரிங் வரை பழைய பாகங்களை மறுபடி செய்தார்கள். அந்தக் காலத்து டயரைக்கூட பிரிட்ஜ்ஸ்டோன் மறுபடி வார்த்தது. டொயோட்டா பழைய சுப்ராவுக்கும், நிசான் ஆர்32 ஜிடி-ஆருக்கும் இதேபோல் பாகங்கள் செய்கின்றன.

அனுமதியும் காப்புறுதியும்

நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி வாங்கிச் செய்ய வேண்டியவை, செய்யவே கூடாதவை. பட்டியல் ஒன்மோட்டோரிங்கில் இருக்கிறது. பாகம் வாங்குவதற்கு முன் அதைப் படியுங்கள். ரிம்முக்கு அனுமதி வேண்டாம், ஆனால் சக்கரம் காரின் உடலைவிட்டு வெளியே துருத்தக்கூடாது. எக்ஸாஸ்ட், எஞ்சின் மாற்றம் எல்லாம் அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். எஞ்சின் சக்தியைக் கூட்டச் செலுத்தும் நைட்ரஸ் வாயு பக்கமே போகாதீர்கள். முன்கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும். பின்பக்கத்துக்கு 25 விழுக்காடு. காரின் நிறத்தை மாற்றினால் அதையும் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும்.

ஜோகூரில் செய்துகொண்டு வந்தால் சிக்கல் இல்லை என்று சிலர் சொல்வார்கள். எங்கே செய்தாலும் கார் சிங்கப்பூரில் பதிவானது, சட்டமும் இதுதான்.

காப்புறுதி நிறுவனத்துக்கு ஒவ்வொரு மாற்றத்தையும் எழுத்தில் தெரிவியுங்கள், அவர்கள் ஒப்புக்கொண்ட பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் விட்ட ஒரு மாற்றம் விபத்து நாளில் முழு இழப்பீட்டையும் தடுத்துவிடக்கூடும்.

கழற்றியதைக் காப்பாற்றுங்கள்

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, நட்டு போல்ட்டைச் சின்னப் பையில் போட்டு அதோடு கட்டி, எந்தத் தேதியில் எங்கிருந்து கழற்றியது என்று எழுதி வையுங்கள். கழற்றும் முன் கைப்பேசியில் நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பாகங்களை வெயில் படாத இடத்தில் வையுங்கள். வீவக வீட்டில் இடம் ஏது என்பீர்கள். எங்கள் வீட்டு வெடிகுண்டுப் புகலிடத்தில், அதாவது தடித்த சுவர் கொண்ட சிற்றறையில், அம்மாவின் பொங்கல் பானைகளுக்குப் பக்கத்தில், தமிழ் முரசு தாளில் சுற்றிய அசல் அப்சார்பர் நான்கும் நிற்கின்றன. முதலில் அம்மா சத்தம் போட்டார். இப்போது யாராவது அந்த அட்டைப்பெட்டியை நகர்த்தப் போனால், “அது காரோட சாமான், அங்கேயே இருக்கட்டும்” என்று அவரே தடுக்கிறார்.

ரசீதுகள், பரிசோதனைத் தாள்கள், அனுமதிக் கடிதங்களை ஒரே கோப்பில் தேதி வாரியாக வையுங்கள். 2021ல் இன்னொரு பத்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாமா என்று நான் யோசித்தபோது அந்தக் கோப்பைத்தான் மேசையில் விரித்தேன். எது மாற்றி எத்தனை வருடம் ஆனது, அடுத்து எது வரும், எவ்வளவு ஆகும் என்பது பத்து நிமிடத்தில் கணக்காகிவிட்டது. அன்று மாலையே புதுப்பித்தேன்.